கூரை மேல் சூரியன்: ‘நானோ’ கேள்விகளும் அக்காவின் பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியில் ‘நானோ’ என்ற சொல்லைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. சிலர் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை அப்படியே அனுப்பி, ‘இது நிஜமா அக்கா?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். புதிய வாசகர்களுக்கு ஒரு வரி: நான் பேராசிரியர் இல்லை. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சோலார் செல் தொழிற்சாலையில் பல வருடம் லைனில் நின்றவள், கடைசியில் பூச்சுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள். எந்த நிறுவனத்துப் பேனலை வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒருவர் வந்தார். பேனல் மேல் ‘நானோ பூச்சு’ அடித்தால் மின்சாரம் 30 சதவீதம் கூடும், 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அடித்துவிட்டார், தனக்குக் கூடியிருக்கிறது என்றும் சொல்கிறார். நானும் அடிக்கலாமா?
*வாசகர், புக்கிட் மெர்தாஜாம்*

அடிக்காதீர்கள் ஐயா.

கணக்கைப் பாருங்கள். பூச்சே இல்லாத வெறுங்கண்ணாடியில் வெளிச்சம் பட்டால், முன்பக்கத்திலேயே திரும்பிப் போவது சுமார் 4 சதவீதம். ஒரு பூச்சு அத்தனையையும் உள்ளே விட்டாலும் கிடைக்கப்போவது அந்த நாலுதான். முப்பது எங்கிருந்து வரும்? அதிலும் இப்போது விற்கிற பேனல்களில் பெரும்பாலானவற்றின் கண்ணாடிக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு பூச்சு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா, தடிமன் 100 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டும். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர்.) அந்தத் துளைகள் இருப்பதால்தான் வெளிச்சம் திரும்பாமல் உள்ளே போகிறது. அதன் மேல் பிசுபிசுப்பாக எதையாவது தெளித்தால் துளை அடைபடும், இருந்த பலனும் போகும். உத்தரவாதப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளியாள் எதையாவது பூசியிருந்தால் பொறுப்பில்லை என்று கழன்றுகொள்ள அவர்களுக்கு அது ஒன்று போதும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மின்சாரம் கூடியது பொய்யாக இருக்காது. பூச்சு அடிப்பதற்கு முன் அந்த ஆள் பேனலைக் கழுவியிருப்பார் அல்லவா? வெறும் தண்ணீரும் மெத்தென்ற துடைப்பானும் வைத்து நீங்களும் கழுவுங்கள், போதும். இரும்பு நார் வேண்டாம், சோப்புத்தூள் வேண்டாம், உச்சி வெயிலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம்.

உண்மையான நானோ வேலை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பேனலுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. லைனுக்குள் வருகிற வேஃபர், அதாவது மெல்லிய சிலிக்கான் தகடு, சாம்பல் நிறத்தில் பளபளக்கும். பளபளக்கிறது என்றாலே வெளிச்சம் வீணாகிறது என்று அர்த்தம்; பட்டதில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே திரும்பிவிடும். முதலில் காரக் கரைசலில் போட்டு மேல்புறத்தை அரிக்க விடுவோம். கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகள் வேஃபர் முழுக்க எழும்பி, பளபளப்பு செத்துக் கருஞ்சாம்பல் ஆகிவிடும். அப்புறம் வெற்றிட அறைக்குள் சிலேன், அம்மோனியா இரண்டு வாயுவையும் விட்டு சிலிக்கான் நைட்ரைடு படிய வைப்போம். வெளியே வரும்போது கருநீலம்.

அந்த நீலத்தில் சாயம் ஒரு துளியும் கிடையாது. படலம் 75, 80 நானோமீட்டரில் நின்றால் அந்த நிறம். மெலிந்தால் ஊதா, இன்னும் மெலிந்தால் பழுப்பு, தடித்தால் வெளிர்நீலம். வெள்ளை விளக்கின் கீழ் செல்லைச் சாய்த்துப் பார்த்தே, ‘மூணாவது குழாயில என்னவோ சரியில்ல, மெக்கானிக்கக் கூப்பிடு’ என்று சொல்லிவிடுகிற பெண்கள் எங்கள் ஷிப்டில் இருந்தார்கள். பத்து நானோமீட்டர் வித்தியாசத்தை வெறும் கண்ணால் பிடிப்பார்கள். இப்போது அந்த வேலையைக் கேமரா பார்க்கிறது. கேமராவுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியதில்லை.

ஈ.பி.எப். பணம் கைக்கு வந்திருக்கிறது. கூரையில் பேனல் போடலாம் என்று நினைத்தேன். ‘பெரோவ்ஸ்கைட் வரப்போகிறது, இப்போதைய பேனலெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும், பொறுங்கள் மாமா’ என்கிறார் மருமகன். பொறுக்கட்டுமா?
*வாசகர், பிறை*

மருமகன் படிப்பது சரியான செய்திதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பொறுக்க வேண்டாம்.

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கல்லின் பெயர். 1839-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த கனிமத்தை ஜெர்மானியரான குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரின் பெயரை வைத்தார். சோலார் செல்லில் போடுவது அந்தக் கல்லை இல்லை. அந்தக் கல்லில் அணுக்கள் எந்த அமைப்பில் அடுக்கியிருக்கின்றனவோ, அதே அமைப்பில் ஈயத்தையும் அயோடினையும் ஒரு சிறிய கரிம மூலக்கூறையும் அடுக்கிச் செய்த படிகம். 2009-ல் ஜப்பானில் ட்சுடோமு மியாசகாவின் குழு இதை வைத்து முதல் செல்லைச் செய்தபோது செயல்திறன், அதாவது பட்ட வெளிச்சத்தில் மின்சாரமாக மாறும் பங்கு, 3.8 சதவீதம். அதுவும் உள்ளே இருந்த திரவமே படிகத்தைக் கரைத்ததால் சில நிமிடங்களில் அடங்கிப்போனது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012-ல் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்ததும் 10 சதவீதத்தைத் தொட்டார்கள். ஆக்ஸ்போர்டில் ஹென்றி ஸ்நைத்தின் குழு, கொரியாவில் நாம்-கியூ பார்க்கின் குழு. இன்று 26 சதவீதத்துக்கு மேல். 1954-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் 6 சதவீதத்தில் தொடங்கிய சிலிக்கான் அந்த இடத்துக்கு வர அறுபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மருமகன் துள்ளுவதில் நியாயம் இருக்கிறது.

ஏன் இந்த வேகம்? சிலிக்கான் வெளிச்சத்தை மெதுவாகத்தான் விழுங்கும். அதனால் வேஃபர் 130, 150 மைக்ரோமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அரை மைக்ரோமீட்டர், அதாவது 500 நானோமீட்டர் போதும். வெளிச்சம் தட்டி எழுப்பிய எலக்ட்ரான் வெளியேற வேண்டிய தூரம் அவ்வளவு குறைவு. வழியில் செத்துப்போக வாய்ப்பும் குறைவு. சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி சூடு வேண்டும். இதைக் கரைசலாகத் தடவி, 100 அல்லது 150 டிகிரியில் உலர்த்தினால் படிகமாகிவிடும்.

இதைத் தனியாக விற்பதைவிட, சிலிக்கான் செல்லின் தலைமேல் ஏற்றுவதில்தான் இப்போது எல்லோருக்கும் கண். மேலே உள்ள பெரோவ்ஸ்கைட் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைப் பிடிக்கும்; அகச்சிவப்பு அதைத் தாண்டிப்போய்க் கீழே சிலிக்கானில் மாட்டும். தனிச் சிலிக்கானின் உச்சவரம்பு 29 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும் என்பது கணக்கு. இரண்டும் சேர்ந்த செல்லில் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024-லேயே 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் மருமகனிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தச் செல் எவ்வளவு பெரியது? ஒரு சதுர சென்டிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகம். அந்த அளவில் பழுதே இல்லாத இடமாகப் பார்த்துச் செய்துவிடலாம். ஒரு கதவின் அளவுக்குத் தடவும்போது எங்கோ ஒரு தூசி, எங்கோ ஓர் ஊசித்துளை. பூச்சுப் பிரிவில் நின்றவளாகச் சொல்கிறேன், ஆய்வுக்கூடத்துக்கும் லைனுக்கும் நடுவில் பாலம் கட்டுவது பினாங்குப் பாலம் கட்டுவதைவிடக் கஷ்டம். 2024 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு பி.வி. என்ற நிறுவனம் தன் ஜெர்மனித் தொழிற்சாலையிலிருந்து இந்த இரட்டை அடுக்குப் பேனல்களை முதன்முதலாக அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பியது. முழுப் பேனலாக அதன் செயல்திறன் 24.5 சதவீதம். நல்ல பேனல்தான், ஆனால் 34-க்கும் 24.5-க்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். இன்றைக்கு உங்களுக்கு இங்கே கிடைக்கிற சாதாரண சிலிக்கான் பேனலே 22, 23 சதவீதம் தருகிறது.

அப்புறம் நம் ஊர்க் காற்று. பெரோவ்ஸ்கைட்டுக்குப் பரம எதிரி ஈரம். கரும்பழுப்பாக இருக்கிற படலத்துக்குள் ஈரம் புகுந்தால் அது மஞ்சளாக மாறும். படிகம் உடைந்து வெறும் ஈய அயோடைடு ஆகிவிட்டது என்பதற்கு அந்த மஞ்சள்தான் அடையாளம். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் அந்தச் சிறிய கரிம மூலக்கூறு, பெயர் மெத்தில் அம்மோனியம், ஆவியாகிக் கழன்றுகொள்ளும். வெயிலில் நின்றால் அயோடின் அயனிகள் இடம்பெயரத் தொடங்கும். பினாங்கில் நண்பகலில் கூரைப் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், காற்றில் ஈரமோ பெரும்பாலான நாள்களில் 80 சதவீதம். மூன்று எதிரிகளும் நம் வீட்டில் குடியிருப்பவர்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மெத்தில் அம்மோனியத்துக்குப் பதில் பார்மமிடினியமும் சீசியமும் போடுகிறார்கள். படிகத் துணுக்குகளுக்கு இடையே உள்ள விளிம்புகளில்தான் சிதைவு தொடங்குகிறது என்பதால், அங்கே ஒட்டிக்கொள்கிற மூலக்கூறுகளைத் தடவுகிறார்கள். மேலே சில நானோமீட்டர் தடிமனில் வேறு வகைப் பெரோவ்ஸ்கைட்டை ஒரு தோலாகப் போர்த்துகிறார்கள். அடியில் ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஓர் அடுக்கு தானாகவே வரிசை கட்டி நிற்கும்படி செய்கிறார்கள். என்னைக் கேட்டால் சதவீதச் சாதனைகளைவிட இந்த ஒட்டு வேலைகள்தான் உண்மையான சாதனை, பத்திரிகைகளில் இதற்குத் தலைப்பு வராது என்பதுதான் குறை.

பேனல் தொழிலில் ஐ.இ.சி. 61215 என்று ஒரு தரச்சோதனை உண்டு. அதில் ஒரு பகுதி, 85 டிகிரி சூட்டில், 85 சதவீத ஈரத்தில் 1,000 மணி நேரம் பேனலை அறைக்குள் அடைத்து வைப்பது. லைனில் நாங்கள் அதை ‘எண்பத்தஞ்சு எண்பத்தஞ்சு’ என்போம். 1,000 மணி நேரம் என்பது நாற்பத்தொரு நாள் சொச்சம். நீங்கள் எதிர்பார்ப்பதோ இருபத்தைந்து வருடம். சிலிக்கான் உண்மையிலேயே அத்தனை வருடம் கூரையில் கிடந்து காட்டிவிட்டது. பெரோவ்ஸ்கைட் பிறந்தே இன்னும் இருபத்தைந்து வருடம் ஆகவில்லை.

இனிப் பணக் கணக்கு. நம் தீபகற்பத்தில் ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். உங்கள் கூரையில் 5 கிலோவாட் என்றால் 6,000 யூனிட். ஐந்து வருடம் காத்திருந்தால் 30,000 யூனிட் கைநழுவும். தெனாகா மின்சாரப் பில்லை எடுத்து, ஒரு யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். திட்டங்களும் நமக்காகக் காத்திருப்பதில்லை. மிஞ்சிய கூரை மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொடுத்த நெம் திட்டம் 2025 ஜூன் 30-ல் முடிந்துபோய், 2026 ஜனவரி முதல் சோலார் அதாப் என்று வந்திருக்கிறது. விதிமுறை மாறியிருக்கிறது, கண்ட்ராக்டர் பழைய நெம் கணக்கைக் காட்டிப் பேசினால் நிறுத்திக் கேளுங்கள்.

வாங்கும்போது ‘என்-டைப் டாப்கான்’ என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பெரும்பாலும் அதுதான் வருகிறது. அதில் சிலிக்கானுக்குப் பின்னால் ஒன்றரை நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது. எலக்ட்ரான் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும், ஆனால் எலக்ட்ரானை விழுங்கிவிடுகிற பழுதுகள் அந்த ஆக்சைடால் மூடப்பட்டுவிடும். 2 நானோமீட்டரைத் தாண்டினால் மின்சாரமே தடைபடும். மருமகனுக்கு நானோ வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள்.

ஒரே ஒரு காரணத்துக்காகத் தள்ளிப்போடலாம்: கூரை ஒழுகினால். முதலில் கூரை ஓடுகளை மாற்றுங்கள். பேனல் ஏறியபின் ஒழுகினால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி இருக்கிறதே, அது தனிக் கதை.

அக்கா, நான் படிவம் ஐந்து மாணவி. குவாண்டம் புள்ளிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று படித்தேன். ஒரே பொருள் அளவு மாறினால் நிறம் மாறுமாம். எப்படி? அதை வைத்து சோலார் செல் செய்ய முடியுமா?
*வாசகி, ஜார்ஜ்டவுன்*

2023-ல் வேதியியலுக்கான பரிசு தங்கச்சி. அலெக்ஸி எகிமோவ், லூயிஸ் புரூஸ், மவுங்கி பவெண்டி மூவருக்கும். எகிமோவ் வண்ணக் கண்ணாடிக்குள்ளும், புரூஸ் கரைசலுக்குள்ளும் குவாண்டம் புள்ளி என்கிற, சில நானோமீட்டரே உள்ள இந்தப் படிகத் துணுக்குகளைத் தனித்தனியே கண்டார்கள். எல்லாத் துணுக்கும் ஒரே அளவில் வளரும்படி செய்வது எப்படி என்று பவெண்டி 1993-ல் வழி கண்டார்.

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலில் நாதஸ்வரம் கேட்டிருப்பாய். நீளமான பாரி நாயனம் கீழ்ச்சுருதியில் பேசும், குட்டையான திமிரி நாயனம் மேலே போய் நிற்கும். காற்று ஆடுவதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் சுருதியைத் தீர்மானிக்கிறது. எலக்ட்ரானும் அலைதான். சில நானோமீட்டர் துணுக்குக்குள் அதை அடைத்தால் ஆட இடம் குறைந்து, ஆற்றல் மேலே ஏறும். துணுக்கு சிறுத்தால் நீலப் பக்கம், பெருத்தால் சிவப்புப் பக்கம். பொருளை மாற்றவே வேண்டாம், அளவை மாற்றினால் போதும்.

சோலாருக்கு இதில் என்ன லாபம் என்றால், ஈய சல்பைடை எடுத்துக்கொள். சாதாரணக் கட்டியாக இருக்கும்போது அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைத் தட்டி எழுப்பக் குறைந்தது வேண்டிய ஆற்றல், 0.41 எலக்ட்ரான் வோல்ட், சோலார் செல்லுக்கு மிகக் குறைவு. மூன்று, நான்கு நானோமீட்டர் புள்ளியாக்கினால் அது 1-க்கு மேல் ஏறி, சூரிய வெளிச்சத்துக்குத் தோதான இடத்துக்கு வந்துவிடுகிறது. சிக்கல் வேறிடத்தில். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, வளர்க்கும்போது ஒலீயிக் அமிலத்தின் நீண்ட வால்களைச் சுற்றிலும் மாட்டுவார்கள். எண்ணெய் மாதிரியான அந்த வால் மின்சாரத்தைக் கடத்தாது. அதைக் கழற்றி அயோடைடு போன்ற குட்டையான ஒன்றை மாட்டினால்தான் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எலக்ட்ரான் தாவும். கழற்றும்போது மேற்பரப்பில் பழுது விழும். இதே மாதிரி இழுபறியில், பெரோவ்ஸ்கைட்டால் செய்த புள்ளிகளில் ஆய்வுக்கூடத்தில் 18 சதவீத அளவுக்கு வந்திருக்கிறார்கள். கூரைக்கு வருவதற்கு முன் தொலைக்காட்சிக்குள் போய்விட்டது இந்தப் புள்ளி. கடைகளில் ‘கியூலெட்’ என்று விற்கும் திரைகளில் நிறத்தைத் தூய்மையாக்குவது இதுதான்.

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாவுக்குத் தாங்களே ஒரு சோலார் செல் செய்ய ஆசைப்படுகிறார்கள். சங்குப்பூச் சாற்றில் செய்யலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தார்களாம். முடியுமா?
*ஆசிரியை, நிபோங் திபால்*

முடியும் டீச்சர், எனக்கு மிகவும் பிடித்த செல் இதுதான். 1991-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பிரயன் ஓ’ரீகனும் மைக்கேல் கிராட்சலும் செய்து காட்டியது, அப்போதே 7 சதவீதம் தந்தது. டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளைப் பொடி. பெயிண்டிலும் பற்பசையிலும் இருப்பது. அது சூரிய வெளிச்சத்தில் புற ஊதாவை மட்டும்தான் பிடிக்கும். அதனால் அதற்குச் சாயம் ஏற்றினார்கள். தட்டையான பரப்பில் ஒரு மூலக்கூறு கனத்துக்குச் சாயம் ஏறினால் வெளிச்சத்தில் ஒரு சதவீதம்கூடப் பிடிபடாது. அவர்கள் 20 நானோமீட்டர் அளவு மணிகளைப் பத்து மைக்ரோமீட்டர் உயரத்துக்கு, இடையிடையே துளை இருக்கும்படி அடுக்கினார்கள். வெளியே ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் உள்ளே ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பரப்பு. அத்தனையிலும் சாயம்.

மின்சாரம் கடத்தும் கண்ணாடி இரண்டு துண்டு வேண்டும், இணையத்தில் ஆர்டர் செய்யலாம். நானோப் பொடியை நீர்த்த வினிகர் விட்டு அம்மியில் அரைக்கிற பொறுமையோடு அரைக்கச் சொல்லுங்கள், கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. கண்ணாடியின் விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டி, நடுவில் பசையை விட்டு, கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் தேய்க்க வேண்டும். நாடாவின் கனம்தான் படலத்தின் கனம். உலர்ந்ததும் 450 டிகிரியில் அரை மணி நேரம். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வது. வீட்டில் கேக் சுடும் அடுப்பு அவ்வளவு சூடாகாது. பக்கத்து இடைநிலைப்பள்ளி ஆய்வகத்தில் ஹாட் பிளேட் கேளுங்கள். சூடு ஏறும்போது படலம் முதலில் பழுப்பாகும், பிள்ளைகள் ‘கருகிப்போச்சு டீச்சர்!’ என்பார்கள். சோப்பு எரிகிறது, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள், மறுபடியும் வெள்ளையாகும். வெள்ளையானால் மணிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன என்று பொருள். ஆறவிட்டு எடுத்த பிறகுதான் பூச்சாற்றில் ஊறவைக்க வேண்டும், சூட்டோடு தண்ணீரில் வைத்தால் கண்ணாடி படாரென்று போகும்.

சங்குப்பூவின் நீலம் பார்க்க அழகு, ஆனால் டைட்டானியத்தில் சரியாக ஒட்டாது. சாய மூலக்கூறில் ஒட்டுவதற்கு இருக்க வேண்டிய கைகளில் சர்க்கரை மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன. செம்பருத்தி, ரோசெல், மங்குஸ்தான் தோல் மூன்றும் பரவாயில்லை. நான் சொல்வது, நாலையும் செய்து பார்க்கட்டும். எது எவ்வளவு தருகிறது என்று மீட்டரில் எடுத்துப் படம் வரைந்தால் நடுவர்களுக்கு அதுவே பிடிக்கும், ஒரே செல்லைப் பளபளப்பாகச் செய்து வைப்பதைவிட. இன்னொரு கண்ணாடியில் பென்சிலால் கரியை நன்றாகத் தேய்த்து, இரண்டையும் கவ்வியில் பிடித்து, நடுவில் அயோடின் கரைசல் ஒரு சொட்டு. 0.3 முதல் 0.5 வோல்ட் வரும். மின்னோட்டம் மிகக் குறைவுதான், விசிறி சுற்றாது. சிலவற்றைத் தொடராக இணைத்தால் கால்குலேட்டர் ஓடலாம். அயோடின் கறை பள்ளிச் சட்டையில் பட்டால் பெற்றோர் உங்களைத்தான் கேட்பார்கள், பழைய டீ-சட்டையோடு வரச் சொல்லுங்கள்.

புதுப் பேனலில் ஈயம் இருக்கிறதாமே. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் முருங்கைக்கும் கீரைக்கும் ஊற்றுகிறேன். விஷமாகிவிடாதா?
*வாசகி, பாலிக் பூலாவ்*

கேட்க வேண்டிய கேள்வி அம்மா. 500 நானோமீட்டர் பெரோவ்ஸ்கைட் படலத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு, முக்கால் கிராமை ஒட்டி. இப்போது கூரையில் இருக்கும் சிலிக்கான் பேனல்கள் பலவற்றில் கம்பிகளை ஒட்டவைக்கும் பற்றாசிலேயே அதைவிடக் கூடுதல் ஈயம் இருக்கிறது. ஆனால் ‘குறைவுதானே’ என்று நான் முடித்துவிட மாட்டேன். பற்றாசில் இருக்கும் ஈயம் உலோகம், எளிதில் கரையாது. பெரோவ்ஸ்கைட்டில் இருப்பது தண்ணீர் பட்டால் கரையும். கண்ணாடி உடைந்த பேனல் மழையில் கிடந்தால் வெளியே வரும். இதற்காக ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் படலங்களைப் பேனலுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறார்கள். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட்டும் பார்க்கிறார்கள், அது காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடுகிறது, திறனும் குறைவு.

உங்கள் வீட்டுக் கூரையில் இன்று இருப்பது பெரோவ்ஸ்கைட் இல்லை, அதனால் கீரையைத் தைரியமாகச் சாப்பிடுங்கள். எந்த வகைப் பேனலாக இருந்தாலும் புயலில் மரம் விழுந்து உடைந்தால் மட்டும், கழற்றி எடுக்கும்வரை அந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாதீர்கள். உடைந்ததைக் குப்பையில் போடாமல், பொருத்தியவரையே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

மகன் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டான். இந்தத் துறைக்குப் போக என்ன படிக்கலாம்?
*வாசகர், பட்டர்வொர்த்*

இயற்பியல், வேதியியல், பொருளறிவியல், எதுவானாலும் சரி. யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொருள், கனிமவளப் பொறியியல் பிரிவு உங்களுக்குப் பக்கத்திலேயே, நிபோங் திபால் வளாகத்தில் இருக்கிறது. பாங்கியில் யு.கே.எம். பல்கலைக்கழகத்தில் சூரிய ஆற்றலுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் உண்டு. எதைப் படித்தாலும் வெற்றிடப் பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். நானோமீட்டர் பேசுகிற பட்டதாரிகள் நிறைய வருகிறார்கள், பம்ப் நின்றால் பதறாதவர்கள் குறைவு.

எங்கள் வீட்டுப் பேனல் மழை விட்ட காலையில் நன்றாகக் காட்டுகிறது, கொளுத்துகிற மதியத்தில் எதிர்பார்த்த அளவு வருவதில்லை. பழுதா?
*வாசகர், தெலுக் பாஹாங்*

பழுது இல்லை, சூடு. பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரியில் எடுத்தது. சிலிக்கான் அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதம் அளவுக்கு இழக்கும். 65 டிகிரி ஆனால் 12 சதவீதம் போச்சு. பெரோவ்ஸ்கைட் இந்த விஷயத்தில் சிலிக்கானைவிடப் பொறுமைசாலி, இழப்பு ஏறக்குறைய பாதிதான். நம் வெயிலுக்கு அது ஒரு நல்ல செய்தி, ஈரத்தில் தாக்குப்பிடித்தால்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: பேனலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சாண் இருந்தால் நல்லது. அந்தச் சந்தில் மைனா கூடு கட்டிக் காற்றை அடைத்திருந்தாலும் இதே கதைதான். குஞ்சு பறந்தபின் கூட்டை எடுத்துவிட்டு, ஓரங்களில் கம்பி வலை போடச் சொல்லுங்கள்.